குளத்துக்கு ஒரு நீலம்

சரியாக மூன்று இருபதுக்கு அண்ணி அண்ணனின் முதுகில் கத்தரியைச் செருகி இடுப்புவரை இழுத்தாள்.

"இதோட பத்தொன்பது" என்றாள். சட்டை இரண்டாகப் பிரிந்து மேசையில் விழுந்தது. "என்ன அகலம் பாரு முதுகு. ஒரு சட்டையில நாலு மரம் வெட்டலாம்."

தங்கை துண்டுகளை எடுத்து அடுக்கினாள். துவைத்த துணியிலும் அண்ணனின் வாடை இருந்தது.

அவன் காணாமல் போய் ஏழு வாரம். மாலையில் பூங்காவுக்கு நடக்கப் போனவனின் செருப்பு மட்டும் குளக்கரையில் கிடந்தது. போலீஸ் குளத்தை இறைத்துப் பார்த்தது. பாசியும் பாட்டிலும்தான் வந்தன.

தங்கை தன் கையால் முந்நூறு சுவரொட்டி ஒட்டினாள். கடைசியாக அணிந்திருந்தது, வெள்ளை நங்கூரம் அச்சிட்ட நீலச் சட்டை. போலீசிடம் அண்ணி சொன்ன அடையாளம் அது. சட்டை தங்கை தைத்துக் கொடுத்தது. கடையில் மிஞ்சிய துண்டுத்துணி, அதில் இன்னொரு சட்டை தைக்கத் துணி போதாது.

பூங்காவில் நடப்பவர்கள் அவன் நினைவாக ஏதாவது மாட்ட வேண்டும் என்றார்கள். அவன் சட்டைகளை ஒட்டுப்போட்டுப் பூங்காவையே தைத்துத் தருவதாக அண்ணி ஏற்றுக்கொண்டாள்.

பச்சையில் மரங்கள், சாம்பலில் நடைபாதை, ஆபீஸ் சட்டையில் ஒரு கொக்கு. தண்ணீருக்குத்தான் நிறம் அமையாமல் நாலு நாள் அல்லாடினாள். ஐந்தாம் நாள் காலையில் குளம் தயாராக இருந்தது. வெளிறிய நீலம். சருகு மிதப்பதுபோல் பழுப்புத் திட்டுகள், அவற்றின் நடுவே சிற்றலையாக நெருக்கமான தையல்.

கடைசி மரத்தையும் வைத்துத் தைத்த அன்று மாலை, வெளியே கேட் கிறீச்சிட்டது. தங்கைக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"காத்து. உட்காரு."

"அண்ணன் வந்துடுவானா, அண்ணி?"

"தினம் இதையே கேட்டு உசிரை வாங்காத."

"என்ன?" தங்கை வலது காதைத் திருப்பினாள். இடது காது பத்தாவது படிக்கும்போதே போய்விட்டது. அண்ணியின் இரண்டு விரல்கள் மடங்காது. இரண்டுக்கும் அண்ணன் இருந்த அந்த வீட்டில் யாரும் காரணம் கேட்டதில்லை.

"ஒண்ணுமில்ல. பின்பக்கம் நூல் தொங்குது, கத்தரிச்சு வை. குளத்தை மட்டும் விட்டுடு, நான் பார்த்துக்கறேன்."

முதுகுக்குக் கொடுக்கும் அடித்துணியை எடுத்துவர அண்ணி உள்ளே போனாள். அதை வைத்துத் தைத்துவிட்டால் பின்பக்கத்தை யாரும் பார்க்கப்போவதில்லை.

தங்கை பூங்காவைக் குப்புறப் போட்டாள். மரம், நடைபாதை, கொக்கு என்று நூல் வெட்டிக்கொண்டே வந்தவள் கைவேகத்தில் குளத்துக்கு வந்துவிட்டாள்.

அண்ணி துணியைத் திருப்பிப் போட்டுத் தைத்திருந்தாள். சாயம் மங்கலாகத் தெரிய வேண்டுமானால் தையல்காரிகள் அப்படிச் செய்வதுண்டு. அச்சிட்ட பக்கம் உள்ளே இருந்தது.

வெள்ளை நங்கூரங்கள். அவற்றுக்கு நடுவே இழையோடி அடைத்த கிழிசல்கள். எண்ணினாள். ஏழு. ஒவ்வொன்றும் கத்தரி நுனியின் அகலம். ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுத்துப்போன கறை.

நிமிர்ந்தாள். அறை வாசலில் அண்ணி நின்றிருந்தாள். ஒரு கையில் அடித்துணி, மறு கையில் கத்தரி. அவள் கண் நங்கூரங்களில் இருந்தது.

தங்கையின் கை தானாக இடது காதுக்குப் போனது.

"அப்ப அண்ணன் இனிமே வரவே மாட்டான்ல, அண்ணி?"