எண்பத்தைந்து

நாலு நாளாகக் கொடியிலேயே கிடந்த துண்டைத் தூக்கினாள்.

அடியில் அம்மாவின் ஜட்டிகள். ஐந்து.

அந்த வீட்டில் அதை நேராக வெயிலில் காயப்போட்டதே இல்லை. மேலே துண்டோ பாவாடையோ மூடியிருக்கும். பேரும் சொல்வதில்லை. உள்துணி, அவ்வளவுதான். கல்யாணமாகித் திருப்பூர் போன பிறகு அவளும் அப்படித்தான் காயப்போடுகிறாள்.

அதனால் அம்மாவுடையதை அவள் பார்த்ததில்லை.

வாங்கிக் கொடுத்தது மட்டும் அவள்.

ஒன்றைக் கையில் எடுத்தாள். இடுப்பு எலாஸ்டிக் நாலு இடத்தில் வெட்டப்பட்டிருந்தது. வெட்டிய இடமெல்லாம் பழைய பாவாடைத் துணியில் முக்கோணமாக ஒட்டு.

மொட்டைமாடியில் அப்படியே உட்கார்ந்தாள்.

கைகள் தாமாகவே துணியை உள்பக்கம் திருப்பின. பனியன் கம்பெனியில், செக்கிங் பிரிவில், பதினொரு வருடப் பழக்கம். புதிதாக வரும் பெண்களுக்கு முதலில் அதைத்தான் சொல்லித் தருவாள். எதையும் திருப்பிப் பார். வெளிப்பக்கம் கடைக்கு, உள்பக்கம்தான் உடம்புக்கு.

சாக்ஸ் என்றால் நுனித் தையலை விரலால் தடவு. இப்போது உன் கைவிரலில் தட்டுவது நாளெல்லாம் போடுகிறவள் கால்விரலில் தட்டும்.

லெக்கிங்ஸ் என்றால் கைமுட்டியில் மாட்டி இழு. தோல் நிறம் தெரிந்தால், அவள் குனியும்போதும் தெரியும்.

எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுப் பார். திரும்பி வருகிறதா என்று பார்க்காதே, எல்லாம் வரும். எப்படி வருகிறது என்று பார். வெடுக்கென்று வருவது கடிக்கும்.

கடைசியாக, போட்ட பிறகு இடுப்பில் இரண்டு விரல் நுழைய வேண்டும். அந்த இரண்டு விரல் இடம் சும்மா இல்லை. சாப்பிட்ட வயிற்றுக்கு, உட்கார்ந்த வயிற்றுக்கு, சாயங்கால உடம்புக்கு.

எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பாள்.

முதல் மாதச் சம்பளத்தில் அம்மாவுக்கு ஒரு பாக்கெட் வாங்கினாள். எண்பத்தைந்து. அன்றைக்கு அது அவளுடைய சொந்த சைஸ். வேறு எண் அவளுக்குத் தெரியாது, கேட்கவும் வாய் வரவில்லை.

அம்மா பாக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள்.

"அளவெடுத்துத் தெச்சாப்பல இருக்குது கண்ணு."

அதன் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் எண்பத்தைந்து.

அம்மா அன்று பாக்கெட்டைப் பிரிக்கவே இல்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது.

ஐந்தையும் வருட வாரியாகத் தரையில் அடுக்கினாள். எலாஸ்டிக்கைப் பார்த்தே அவளால் வருடம் சொல்ல முடியும். மிகப் பழையதில் ஒரே வெட்டு, விரலகல ஒட்டு. அடுத்ததில் இரண்டு. போன தீபாவளியுடையதில் நாலு.

எல்லாம் கைத்தையல். பொடிப்பொடியாக, ஒரே சீராக. செக்கிங்கில் வந்திருந்தால் பாஸ் போட்டிருப்பாள்.

காலையில் ஆஸ்பத்திரியில் நர்ஸ் கேட்டிருந்தாள்.

"சாந்தாமணி கூட இருக்கறது யாருங்க? நீங்களா? பொண்ணா? கர்ப்பப்பை எடுத்த வயிறு. இறுக்கமா எதும் போடக்கூடாது. தையல்ல உரசுச்சுன்னா பிரிஞ்சுக்கும். காலும் வீங்கியிருக்குது. புதுசா லூசா வாங்கிட்டு வந்துருங்க. சைஸ் தெரியுமில்ல?"

"தெரியுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் அம்மாவின் நைட்டி எடுக்க வீட்டுக்கு வந்திருந்தாள்.

கைப்பையில் எப்போதும் இருக்கும் டேப்பை எடுத்தாள். கடைசி ஜட்டியின் ஒட்டுகளை அளந்தாள். நாலு. நாலு. நாலரை. நாலரை. பதினேழு சென்டிமீட்டர்.

எண்பத்தைந்தும் பதினேழும் நூற்றிரண்டு.

பெற்ற தாயின் இடுப்பளவை அவள் இப்படிக் கூட்டித்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

லூசாக இருக்கட்டும் என்று கடையில் நூற்றிப்பத்து கேட்டாள். சுத்தமான காட்டன். பட்டை அகலமாக, துணிக்குள் மூடியதாக. இடுப்புக்கு மேலே ஏறி நிற்கும் மாடல், அப்போதுதான் பட்டை தையலுக்கு மேலே போய்விடும். வீங்கிய காலுக்கு, மேல்பிடி தளர்ந்த சாக்ஸ்.

விற்கிற பெண் அவளை மேலும் கீழும் பார்த்தாள்.

"அக்கா, இதுக்குள்ள நீங்க ரெண்டு பேரு போலாங்க்கா."

"எனக்கில்ல."

"யாருக்குங்க்கா?"

"அம்மாவுக்கு" என்று சொல்லிவிட்டு, எலாஸ்டிக்கை இழுத்துவிட்டுப் பார்த்தாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் அம்மா பாக்கெட்டை மடியில் வைத்துத் தடவினாள். பிரிக்கவில்லை. சைஸையும் பார்க்கவில்லை.

"எதுக்கு கண்ணு அலையற? நீ வாங்கிட்டு வந்தா அளவெடுத்துத் தெச்சாப்பலதான இருக்கும்."

அவள் திரையை இழுத்துவிட்டாள். பாக்கெட்டை அவளே பிரித்தாள். சாக்ஸைப் போட்டுவிட்டாள். பிறகு அம்மாவைத் தோளில் சாய்த்து நிறுத்தி, மற்றதையும் போட்டுவிட்டாள். அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கட்டுக்கு மேலே, பட்டைக்குள் இரண்டு விரலை விட்டாள்.

தாராளமாக நுழைந்தன. உள்ளங்கையே போகும் போலிருந்தது.

பதினொரு வருடத்தில் ஒன்றையாவது சரியாகச் செய்துவிட்டோம் என்று நிமிர்ந்தாள்.

அம்மாவின் உதடுகள் இறுகியிருந்தன. கண்ணோரம் ஈரம். தையல் போட்ட வயிற்றை அவள் உள்ளே இழுத்துப் பிடித்திருந்தாள்.

"மூச்ச விடும்மா."

"விட்டுட்டுத்தான் கண்ணு இருக்கறேன்."

விரல்களை எடுக்காமல் அவள் காத்திருந்தாள்.