எசனுக்கு இரண்டு கிலோ தூள்

"எசனில பாக்கிறதுக்கு என்ன அக்கா இருக்கு?" என்று கேட்டான் கிருஷாந்த்.

"எங்கட ஜெயசீலன் இருக்கிறான்," என்றார் எமில்டா அக்கா.

கட்டிலில் விரித்திருந்த ஐரோப்பிய ரெயில் வரைபடத்தின் மேல், ஜெர்மனியை மூடிக்கொண்டு ஒரு பார்சல் தொப்பென்று விழுந்தது. இரண்டு கிலோ மிளகாய்த்தூள். இதோடு மூன்றாவது பார்சல்.

கௌசிகனும் கிருஷாந்தும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். லண்டன் தோர்ண்டன் ஹீத்தில், அதே அக்காவின் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருக்கிறவர்கள் வேறென்ன செய்ய?

பெற்றோல் ஸ்டேசனில் ஒரு வருசம் ஷிப்ட் அடித்துத்தான் அந்த இரண்டு ரெயில் பாஸையும் வாங்கியிருந்தார்கள். 2009 செப்டெம்பர் 11, வெள்ளிக்கிழமை தொடக்கம். இருபத்திரண்டு நாளுக்குள் எந்தப் பத்து நாளும் ஐரோப்பா முழுக்க ஏறி இறங்கலாம். ஹோட்டல் கிடையாது. இரவு ஏழு மணிக்குப் பிறகு ஏறினால் பாஸில் அடுத்த நாள் கணக்கு என்பதால் ரெயிலிலேயே நித்திரை. ரெயில் அமையாத இரவுகளில் ஸ்டேசன் வாங்குப் பலகை.

போன கிழமை இந்தத் திட்டத்தை அக்காவிடம் பெருமையாகச் சொல்லியிருந்தார்கள்.

"வாங்கிலயோ படுக்கப் போறியள்?"

"ஓம் அக்கா. நாங்கள் ஆற்றை வீட்டிலயும் போய் நிண்டு கரைச்சல்படுத்திறேல்லை," என்றான் கிருஷாந்த், நெஞ்சை நிமிர்த்தி.

அக்கா படியில் சும்மா எரிந்த லைட்டை நிற்பாட்டிவிட்டு இறங்கிப் போனார். சும்மா எரிகிற லைட்டைக் கண்டால் அவருக்கு ஆகாது.

அடுத்த நாளே பார்சல் வரத் தொடங்கியது. பாரிசில் ஸ்ரீஸ்கந்தராஜாவுக்கு ஒன்று. சுவிஸ் பேர்ணில் பியற்றிஸுக்கு ஒன்று. இப்போது ஜெர்மனியின் எசனில் ஜெயசீலனுக்கு. ஒவ்வொன்றிலும் பேரும் விலாசமும் போன் நம்பரும் தடித்த மார்க்கரில்.

"இஞ்ச பாருங்கோ, அவையை ஸ்டேசனுக்குக் கூப்பிட்டுக் குடுக்கிறேல்லை. வீட்டை கொண்டுபோய்க் கையில குடுக்கவேணும்."

"சரி அக்கா."

"பின்னேரம் ஆறு மணிக்கு முந்திப் போகவும் கூடாது. எல்லாரும் வேலையால வரவேணும்."

"ஆறு மணிக்குப் போனா எங்கட இரவு ரெயில் போயிடுமே அக்கா!"

"ரெயில் அடுத்த நாளும் ஓடுமெல்லோ," என்றுவிட்டு அக்கா இறங்கிப் போனார். போகும்போது லைட்டையும் நிற்பாட்டினார்.

இருட்டுக்குள் கிருஷாந்த் வெடித்தான்.

"தபாலில அனுப்பினா காசு போயிடும் எண்டு எங்கட முதுகில ஏத்திறா, மச்சான். எசனுக்காகப் பிராக்கை வெட்டியாச்சு. பேர்ணுக்காக ரோமையும் வெட்டியாச்சு. நாங்கள் ஊர் பாக்கப் போறமோ, தூள் விக்கப் போறமோ?"

கௌசிகன் எழும்பி லைட்டைப் போட்டான். "பையில இடமில்லை. மூண்டு சேர்ட்டை எடுத்தாத்தான் தூள் உள்ள போகும்."

"எடு. தூளை உடுத்துக்கொண்டு போவம்."

"எல்லையில பொலிஸ்காரன் பையைத் திறந்தா?"

"தும்முவான்."

சிரித்து முடிந்ததும் கிருஷாந்துக்கு ஒரு யோசனை வந்தது. "பாரிஸ்காரருக்கு இப்பவே போன் அடி. ஸ்டேசனுக்கு வந்து வாங்கிக்கொண்டு போகச் சொல்லு. அக்காவுக்குத் தெரியவா போகுது? ஒரு இரவு மிச்சம்."

கௌசிகன் பாரிஸ் பார்சலைத் திருப்பி, நம்பரைப் பார்த்து அடித்தான்.

"ஓ, லண்டன் தம்பியோ!" மறுமுனையில் ஸ்ரீஸ்கந்தராஜா குதூகலமாகக் கத்தினார். "வெள்ளிக்கிழமை பின்னேரம்தானே வாறியள்? தோசையோ இடியப்பமோ எண்டு மனுசி கேக்கச் சொன்னவள். கட்டில் எல்லாம் போட்டாச்சு."

"இல்லை அண்ணை... அந்தத் தூளை வாங்க நீங்கள் ஸ்டேசனுக்கு வர ஏலுமோ எண்டு கேக்கத்தான்..."

"தூளோ? என்ன தூள்?"

"எமில்டா அக்கா தந்துவிட்ட மிளகாய்த்தூள்."

அவர் சிரித்த சிரிப்பில் போன் கரகரத்தது.

"தம்பி, நான் இஞ்ச லாசப்பலில தூள் கடையெல்லோ வைச்சிருக்கிறன்! எமில்டாவின்ர வீட்டுக்கே என்ர கடைத் தூள்தான் போறது!"

கௌசிகன் பார்சலின் ஓரத்தை மெல்லக் கிழித்தான். உள்ளே பக்கெற்றில் பிரெஞ்சு எழுத்து. பாரிஸ் லாசப்பல் விலாசம்.

"அப்ப ஏன் அண்ணை இது?"

"பெடியள் ஸ்டேசன் வாங்கில படுக்கப் போறாங்கள் எண்டு அவ எனக்கு அழாக்குறையாச் சொன்னவா. ரோசக்காரப் பெடியளாம். வந்து நில்லுங்கோ எண்டு கூப்பிட்டா வரமாட்டியளாம். கையில ஒரு பார்சல் இருந்தா எப்பிடியும் வந்து கதவைத் தட்டுவியளாம். எசனுக்கும் பேர்ணுக்கும் கூட இப்பிடித்தான் சொல்லி..."

திடீரென்று நிறுத்தினார்.

"ஐயோ, உங்களுக்குச் சொல்லக்கூடாது எண்டவா! நான் ஒண்டும் சொல்லேல்லை, என்ன?"

"இல்லை அண்ணை. நீங்கள் ஒண்டும் சொல்லேல்லை. வெள்ளிக்கிழமை ஆறு மணிக்குப் பிறகு வாறம். இடியப்பம்."

போனை வைத்தான்.

"என்னவாம்? ஸ்டேசனுக்கு வாறாராமோ?" என்றான் கிருஷாந்த்.

கௌசிகன் மூன்று சேர்ட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்துப் போட்டான். லைட்டை ஞாபகமாக நிற்பாட்டிவிட்டுக் கீழே இறங்கினான்.

குசினியில் எமில்டா அக்கா வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தார்.

"அக்கா... ரோமில ஆருக்கும் தூள் குடுக்க இல்லையோ?"

அக்கா நிமிர்ந்து பார்க்கவில்லை.

"ஏன் இல்லை? றோஸ்மலர் இருக்கிறாள். ஆனா ஆறு மணிக்கு முந்திப் போகக்கூடாது."