வெளுத்த சுவர்

வெள்ளம் வடிந்த நான்காம் நாளே எதிர்வீட்டு ஜெசிந்தாவின் சுவர்கள் வெளுத்துவிட்டன. ஈரம் இருக்கும்வரை நீலமாக இருந்து, காய்ந்ததும் வெள்ளையாகிற பெயிண்ட் அது. தெருவில் எல்லா வீட்டுக்கும் அதுதான். கோமளவல்லியின் வீடோ இன்னும் கருநீலமாகவே நின்றது.

"அவ வீட்டுக்கு மட்டும் தனியா வெயில் அடிக்குதோ?" என்று வயிறெரிந்தவள், சாதா வெள்ளைப் பெயிண்ட் வாங்கிவந்து ஈரத்தின் மேலேயே பூசிவிட்டாள்.

பத்தே நாளில் பூசணம் பிடித்து வீடு நாறியது. இருமும் மகளோடு மருந்துக்கடைக்குப் போனால், அங்கே இருமும் மகனோடு ஜெசிந்தா.

"நான் சாதா பெயிண்டை அடிச்சு மறைச்சுட்டேன்க்கா. உங்களுது நிஜமாவே காஞ்சிருச்சா?" என்றாள் ஜெசிந்தா. அவள் கண்ணில் தெரிந்த பொறாமை கோமளவல்லிக்கு இனித்தது.

மகளின் வாயைப் பொத்திக்கொண்டே, "பின்னே? தானாத்தான் காஞ்சுது" என்றாள்.