முகம் அப்புறம், விரல் முதலில்

மேலாளர் முபாரக்குக்கு வியர்த்துக் கொட்டியது. நிலாச் சுரங்கம் சரிந்து உள்ளே மாட்டிக்கொண்ட சிவநேசன் வாய் பேசாதவன். எந்தப் பாதையில் தோண்டினால் அவனை மீட்கலாம் என்பது அவனுக்கு மட்டுமே தெரியும். பூமியில் வி.ஆர். கண்ணாடி மாட்டியிருந்த, அவனைப் போலவே வாய் பேசாத மனைவி வசுமதி, அவன் சைகை புரியாமல் தவித்தாள். சுரங்கக் கேமரா அனுப்பிய படம் என்னவோ பளிச்சென்றுதான் இருந்தது. விரல்கள்தான் விட்டுவிட்டுத் தாவின.

டெக்னீஷியன் ஜெசிந்தா சட்டென்று படத்தின் துல்லியத்தைக் குறைத்து, நொடிக்கு ஓடும் ஃபிரேம்களைக் கூட்டினாள்.

"ஏம்மா, ஆளே மாவா குழைஞ்சுட்டாரே!" திரையைப் பார்த்துப் பதறினார் முபாரக்.

"முகத்தை அப்புறம் பார்த்துக்கலாம் சார். விரலைப் பாருங்க, தண்ணியா ஓடுது!"

வசுமதி கண்ணாடியைக் கழற்றாமலே கிறுக்கினாள்: 'இடது பாதை.' மீட்புக் குழு பாய்ந்தது.

"கெட்டிக்காரிம்மா நீ!" என்றார் முபாரக் ஜெசிந்தாவிடம்.

வசுமதி அழுதுகொண்டே சிரித்தாள். மறுபடி எழுதினாள்: 'ஷேவ் பண்ணாம வந்து நிக்கிறதுக்கு மன்னிக்கணுமாம்!'