பத்துக்கு ரெண்டு

"பத்துக்கு ரெண்டாம்! நான் கட்டின பாலத்துக்குப் பத்துக்கு ரெண்டாம்!"

பல்லைக் கடித்துக்கொண்டு பள்ளிக்கூட வராந்தாவில் விறுவிறுவென்று நடந்தார் இன்ஜினியர். அவர் கட்டிய பாலங்களின் மேல் லாரிகளும் பஸ்களும் ஓடிக்கொண்டிருந்தன. இன்றைக்கு அவர் கையில் இருந்தது ஐஸ் குச்சிகளால் ஆன ஒரு முழ நீளப் பாலம்.

இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், முதுகில் பை குதிக்கக் குதிக்கப் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"அப்பா, அது வந்துப்பா..."

"நீ பேசாதே. அப்பா பாத்துக்கறேன்."

வெள்ளிக்கிழமை சாயங்காலம் பாலம் வீட்டுக்குத் திரும்பி வந்தபோதே அவருக்குத் தலைக்கேறிவிட்டது. அடியில் ஒட்டியிருந்த சீட்டில் சிவப்புப் பென்சிலால் மார்க். அந்த ரெண்டு என்ற எண்ணாவது ஒழுங்காக இருந்ததா? எந்தப் பக்கம் வளைவது என்று தெரியாமல் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றது. ஒரு ரெண்டு போடத் துப்பில்லை, இந்த டீச்சர் என் பாலத்தை எடை போட வந்துவிட்டாள்!

மனைவி சொல்லிப் பார்த்தாள். "முதல்ல பாப்பாகிட்ட என்ன ஏதுன்னு கேளுங்களேன்."

"அவ குழந்தை. அவளுக்கு என்ன தெரியும்?"

அந்த டீச்சரை அவருக்கு முதலிலிருந்தே ஆகாது. உதட்டில் விரலை வைத்து "உஷ்" என்பதைத் தவிர வேறு அதட்டல் தெரியாதவள். வீட்டில் அவளுக்கு 'உஷ்' என்றே பேர் வைத்திருந்தார். திங்கட்கிழமை சொல்வதெழுதுதல். தப்பான வார்த்தையை அடிக்கக்கூட மாட்டாள், "நீயே மறுபடி பாரு" என்பாள். புதன்கிழமை பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு கதைப் புத்தகம். வெள்ளிக்கிழமை வந்துவிட்டால் கத்திரிக்கோல், கோந்து, வகுப்பு முழுக்கக் குப்பை. இதற்கு ஒரு டீச்சர், அவளுக்கு ஒரு சம்பளம்!

போன வாரம் 'பாலம் செய்துகொண்டு வா' என்றதும், போனால் போகிறது, இவர்களுக்குப் பாலம் என்றால் என்னவென்று காட்டுவோம் என்று அவரே உட்கார்ந்தார். அளந்து, வெட்டி, தேய்த்து, ஒட்டினார். மகள் கையை நீட்டியபோதெல்லாம், "கோணலாக்கிடாதே, தள்ளி உக்காரு" என்றார். அவளும் மோவாயைக் கையில் தாங்கிக்கொண்டு தள்ளி உட்கார்ந்து பார்த்தாள்.

வகுப்பு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனார். ஜன்னலோரம் மற்றப் பிள்ளைகளின் பாலங்கள் வரிசையாக இருந்தன. ஒன்று கூன் போட்டிருந்தது. ஒன்று கோந்திலேயே குளித்து எழுந்ததுபோல் இருந்தது. கால் போதாத ஒன்றுக்குப் பென்சில் டப்பாவை முட்டுக் கொடுத்திருந்தார்கள். அந்தக் கூனல் பாலத்துக்கு ஒன்பது மார்க்!

"இதெல்லாம் பாலமா?" என்று இரைந்தார். "எறும்பு ஏறினாலே விழுந்துடும். இதைக் காட்சிக்கு வச்சுட்டு, என்னோடதை வீட்டுக்கு அனுப்பறீங்களா?"

பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். டீச்சர் அவர்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்தாள். இன்ஜினியருக்கு அது இன்னும் எரிச்சலாக இருந்தது.

"உக்காருங்க சார்."

"உக்கார வரல. செங்கல் கொண்டு வரச் சொல்லுங்க. ஒண்ணு இல்ல, நாலு வச்சுப் பாருங்க. அசையுதான்னு பாப்போம். ரோட்டுல நான் கட்டின பாலத்து மேலதானே தினமும் பஸ்ல வர்றீங்க? அப்பல்லாம் பத்துக்கு ரெண்டுன்னு தோணலையா?"

"பாலத்துல ஒரு குறையும் இல்ல சார். ரொம்ப நல்லா இருக்கு."

"அப்புறம் என்ன? உங்களுக்கெல்லாம் கோணலா இருந்தாத்தான் பிடிக்கும் போல. படிச்சவன் செஞ்சா ஆகாது. இன்னைக்கே டி.சி. குடுத்துடுங்க. என் பொண்ணை வேற பள்ளிக்கூடத்துல சேத்துக்கறேன்."

மகளின் உதடு பிதுங்கியது. பக்கத்தில் நின்ற தோழியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டீச்சர் அவளையும் பார்த்தாள், அவள் அப்பாவையும் பார்த்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள்.

"சார், வீட்டுக்கு எடுத்துட்டுப் போறேன்னு சொன்னது பாப்பாதான். அப்புறம் அந்த மார்க்... நான் போட்டது இல்ல. வெள்ளிக்கிழமை வேலைக்கு நான் மார்க்கே போடறது இல்ல. அவங்கவங்க செஞ்சதுக்கு அவங்கவங்களே போட்டுக்குவாங்க."

இன்ஜினியர் சிரித்தார். "நல்ல கதை. எந்தக் குழந்தையாவது தனக்குத்தானே ரெண்டு மார்க் போட்டுக்குமா?"

யாரும் சிரிக்கவில்லை. அவர் மெதுவாகத் திரும்பினார். மகள் தன் ஷூ நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீயா போட்டே?"

தலை மேலும் கீழும் அசைந்தது.

"ஏன்டா கண்ணு?" அவர் குரல் சட்டென்று இறங்கிவிட்டது. "அப்பா எவ்வளவு நல்லா செஞ்சு குடுத்தேன்?"

"நீங்க போன் பேசப் போனப்போ நான் ஒட்டினது ரெண்டு குச்சிதானேப்பா."