ஊமைப்பட நாயகி

திண்டிவனம் கலைப்பிரியா முந்நூறு ரீல்ஸ் போட்டும் நாற்பது பேருக்கு மேல் பார்க்கவில்லை. எதிர்வீட்டு அமலாவின் ஒரே படத்தை ஒரே நாளில் இரண்டு லட்சம் பேர் பார்த்துவிட்டார்கள்.

“கலரு இல்ல, டயலாக் இல்ல, வெறும் ஊமைப்படம்! இதைப் போயி ஊரே பாத்துக்கினு இருக்குது!”

“அந்த முழி எப்படி உருளுது பாரு. உனக்கெல்லாம் வராதும்மா,” என்றான் கணவன் சேரன்.

அவளுக்கு வயிறு இன்னும் கொஞ்சம் எரிந்தது.

“எங்க எடுத்தாங்களாம்?”

“விழுப்புரத்துல, ஒரு ஜவுளிக்கடையில.”

மறுநாள் காலை கலைப்பிரியா அந்தக் கடையில் இருந்தாள். கூரையில் கண்காணிப்பு கேமராவைத் தேடிக் கண்டுபிடித்தாள். தலைமுடியைச் சரிசெய்தாள். எடுப்பான இடப்பக்க முகத்தை அதற்குக் காட்டியபடி, அமலா திருடியதைவிட நிதானமாக, ஒரு பட்டுப்புடவையை உருவிக் கைப்பைக்குள் திணித்தாள்.