கண்ணாடி வண்டியின் அனுமதி அட்டை

கண்ணாடிக்காரன் வண்டியை நிறுத்துவதாக இல்லை. ஒரே இடத்தில் ஐந்து நிமிடம் நின்றால் அபராதம் என்பதால் தள்ளிக்கொண்டேதான் வியாபாரம். வண்டி குலுங்கும்போதெல்லாம் அடுக்கி வைத்த மூக்குக்கண்ணாடிகளிலிருந்து வெயில் தெறித்து எதிர்ச்சுவரில் மீன்குஞ்சுகளாய் ஓடுகிறது. ஊசியில் நூல் கோக்க முடியாமல் வந்த தையல்கார அக்கா கூடவே நடந்தபடி மூன்றாவது கண்ணாடியை மாட்டுகிறாள். "இதைப் படிங்கக்கா" என்று தன் கழுத்தில் தொங்கிய நகராட்சி அனுமதி அட்டையைக் கழற்றி நீட்டுகிறான். ஒரு வருடமாக எல்லாரும் படித்துப் பார்ப்பது இதைத்தான். மேல் இரண்டு வரி தெரிந்தால் போதும், வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். அக்கா லேசில் விடுகிற ஆளில்லை. பெயர், வண்டி எண், நிபந்தனை என்று கடுகு எழுத்துவரை இறங்குகிறாள். பின்னால் தெருமுனையில் நகராட்சி ஜீப்பின் ஹாரன். சக்கரம் கிறீச்சிட அவன் நடையைக் கூட்டுகிறான். அக்காவும் ஓட்டமும் நடையுமாகப் படிக்கிறாள். "அட, பளிச்சுன்னு தெரியுதே! தம்பி, இது நேத்தோட முடிஞ்சுபோச்சுன்னுல்ல போட்டிருக்கு?" அவன் ஜீப்பைப் பார்க்கிறான், அக்காவைப் பார்க்கிறான். அட்டையை விட்டுவிட்டுக் கண்ணாடிக்குக் கை நீட்டுகிறான். "இந்தப் பவர் அதிகம்க்கா, கழட்டுங்க. உங்களுக்கு ஊசிக்காது தெரிஞ்சாப் போதும்."